எந்தப் பைபிள் வாங்குவது?

1871-இன் தமிழா, இன்றைய தமிழா? ஒரே வேதத்துக்குக் கடை அலமாரியில் ஐந்து முகங்கள். தேர்வில் அடங்கியிருப்பது மொழிப் பிரச்சினை மட்டும் இல்லை.

"பைபிள் ஒண்ணு வேணும் அண்ணாச்சி."

"எந்தப் பைபிள்மா? ஓ.வி.யா, திருவிவிலியமா?"

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நாங்க சி.எஸ்.ஐ., மாப்பிள்ளை வீடு ஆர்.சி."

கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேசையில் வைக்கிறார். ஒன்று கறுப்பு உறை, ஜிப், பக்க ஓரமெல்லாம் தங்கப் பூச்சு; முதுகில் 'பரிசுத்த வேதாகமம்'. மற்றது கனத்த அட்டை, மேலே 'திருவிவிலியம்'. அம்மா கறுப்பு உறையைத் திறந்ததும் விரல் தானாகச் சங்கீதம் 23-க்குப் போய் நிற்கிறது. மகள் மற்றதன் பொருளடக்கத்தில் சங்கீதத்தைத் தேடுகிறாள். அந்தப் பெயரே இல்லை.

"திருப்பாடல்கள்னு போட்டிருக்கும் பாப்பா. ஆதியாகமம் வேணும்னா தொடக்க நூல்னு பாரு."

"ரெண்டும் ஒரே பைபிள்தானே அண்ணாச்சி?" அம்மாவின் குரலில் சந்தேகம்.

பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி என்று தென்மாவட்டத்தின் எந்தக் கிறிஸ்தவப் புத்தகக் கடையிலும் கல்யாண மாதங்களில் காதில் விழக்கூடிய பேச்சு இது. அம்மாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. மூலம் ஒன்றுதான். ஆனால் எந்த மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் புத்தகங்களின் எண்ணிக்கை மாறும், பெயர்கள் மாறும், சில வசனங்கள் அடிக்குறிப்புக்கு இறங்கும், கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு மரியாதை கூடும் அல்லது குறையும். இவ்வளவையும் தீர்மானிக்கிற தேர்வைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் உட்கார்ந்து செய்ததே இல்லை. தாத்தா வைத்திருந்தது, சபையில் வாசிப்பது, கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்தது என்று அது தானாக நடந்துவிடுகிறது.

மூன்று நூற்றாண்டு வேலை

இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழில்தான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் பர்த்தலோமேயு சீகன்பால்கு மொழிபெயர்த்தது. 1715-இல் அச்சு வேலை முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்து வரை வந்த நிலையில் 1719-இல் அவர் இறந்தார். மீதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

அடுத்து வந்தவர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த யோகான் பிலிப் பெப்ரிசியஸ். சீகன்பால்கின் தமிழ் கரடுமுரடானது என்று கண்டு, வரிக்கு வரி மீண்டும் உழைத்தார். அவருடைய பழைய ஏற்பாடு 1791-இல் அவர் இறந்த பிறகே முழுதாக வெளிவந்தது. லுத்தரன் சபைகள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் பிடித்துக்கொண்டன.

திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த ரேனியஸ், இன்னும் எளிய தமிழ் வேண்டும் என்று திருத்த முனைந்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1833-இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் பாதிரியார் பீட்டர் பெர்சிவலோடு அமர்ந்து மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்தவர், பின்னாளில் சைவத்தின் பெருங்காவலராக அறியப்பட்ட ஆறுமுக நாவலர். இருவரும் 1848-இல் கைப்பிரதியோடு சென்னைக்குக் கப்பலேறியதும், மழவை மகாலிங்கையர் அந்தத் தமிழைப் பார்த்துப் பாராட்டியதும் நாவலர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்திகள். புலவர் பாராட்டினார், சபைகள் ஏற்கவில்லை. 1850-இல் அச்சான அந்தப் பதிப்பு 'சோதனைப் பதிப்பு' என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

கடைசியில் பல மிஷன்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. தலைமை ஹென்றி பவர். அவரோடு உழைத்த தமிழறிஞர் முத்தையா பிள்ளை. பெப்ரிசியஸின் நடையை அடித்தளமாக வைத்துக்கொண்டு, புதிய ஏற்பாட்டை 1863-இலும் முழு வேதாகமத்தை 1871-இலும் கொண்டுவந்தார்கள். மிஷன்கள் ஒன்றுகூடி ஏற்றதால் 'ஐக்கியப் பதிப்பு' என்று பெயர். கடைக்காரர் 'ஓ.வி.' என்றாரே, அந்த ஓல்டு வெர்ஷன் இதுதான்.

பெட்டிச் செய்தி 1: அலமாரியில் இருப்பவை

● பரிசுத்த வேதாகமம் (ஓ.வி.): 1871-இன் ஐக்கியப் பதிப்பு. 66 நூல்கள். கடவுளைக் குறிக்க 'தேவன்', 'கர்த்தர்'. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பரவலான பயன்பாடு.

● திருவிவிலியம்: 1995. கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபை அறிஞர்கள் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. திண்டிவனத்தில் உள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் இணைந்த பணி. 'கடவுள்', 'ஆண்டவர்'. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள்.

● எளிதில் படிக்கக்கூடிய பதிப்பு: சிறு சிறு வாக்கியங்கள். 'தேவன்', 'கர்த்தர்' மாறவில்லை. புதிதாக வாசிப்போரையும் இளைஞரையும் மனத்தில் வைத்தது.

● இந்தியத் திருத்தப் பதிப்பு: ஓ.வி.யின் சாயல் கெடாமல் பழஞ்சொற்களை மட்டும் புதுப்பித்தது. திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.

● பிப்லிக்கா நிறுவனத்தின் சமகாலத் தமிழ்ப் பதிப்பு: 'இறைவன்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது.

காதில் குடியிருக்கும் தமிழ்

ஓ.வி. ஏன் இன்னும் வெல்கிறது? அதன் துல்லியத்துக்காக என்று சொல்வோர் உண்டு. உண்மையான காரணம் வேறு: அது மனப்பாடத்தில் இருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளை முதன்முதலில் ஒப்பிக்கும் வசனம் ஓ.வி. தமிழ். மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கித் தருவது ஓ.வி. தமிழ். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கையில் வந்துசேரும் வாக்குத்தத்த அட்டை, வீட்டு வாசலின் மேல் தொங்கும் வசனப் பலகை, வேனின் பின் கண்ணாடி, கல்லறைக் கல் எல்லாம் அதே தமிழ். கீர்த்தனைகளும், ஒவ்வொரு வாரமும் யூடியூபில் ஏறும் புதுப் பாடல்களும்கூட அந்தச் சொற்களில்தான் கட்டப்படுகின்றன. மருத்துவமனைக் கட்டிலில் கண் திறக்க முடியாமல் கிடக்கும் பாட்டியின் காதில் ஒரு சங்கீதத்தை ஆரம்பித்தால், மீதியை அவர் உதடு முடித்துவிடும். எந்தப் புதுப்பதிப்பாலும் ஒரு தலைமுறைக்குள் சம்பாதிக்க முடியாத சொத்து இது. ஓ.வி.யை ஒதுக்கிவிடச் சொல்கிறவர்கள் இதன் எடையை அறியாதவர்கள்.

கத்தோலிக்கரிடம் நிலைமை தலைகீழ். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை திருப்பலி லத்தீனில்தான். தமிழில் கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள் இருந்தாலும், வசனத்தை மனப்பாடம் செய்யும் பழக்கம் வீடுகளில் வேரூன்றவில்லை. ஜெபமாலையும் மந்திரங்களுமே மனப்பாடம். அதனால் 1995-இல் திருவிவிலியம் வந்தபோது அது இடம்பெயர்க்க வேண்டிய பழந்தமிழ் ஒன்று காதுகளில் இல்லை. ஆயர்கள் ஏற்றார்கள், பீடத்தில் வாசிக்கப்பட்டது, நிலைத்துவிட்டது. சீர்திருத்தச் சபைகளிலோ எல்லோருக்கும் சேர்த்து உத்தரவிட ஒரு தலைமை இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் டேனிஷ் அறிஞர் லார்சன் முன்னின்று தொடங்கிய திருத்திய மொழிபெயர்ப்பு, புலமையில் குறையில்லாதது. ஆனால் 'தேவன்' இருந்த இடத்தில் 'கடவுள்' வந்ததைப் பல சபைகள் ஏற்கவில்லை. உத்தரவிட ஆளில்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்வது ஞாபகம்.

ஆனால் அந்த ஞாபகத்துக்கும் ஒரு வயது உண்டு. 1820-களின் இறுதியில் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், புது மிஷனரிகள் செய்த நான்கு கொடுமைகள் என்று ஒரு பட்டியலே போட்டுக் கண்டித்தார். பழகிய தமிழ் வேதத்தைத் திருத்துவது அதில் முதல் குற்றச்சாட்டு. சாதி பாராமல் ஒன்றாக உட்காரச் சொன்னதும் அதே பட்டியலில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அவர் காக்க நினைத்தது பெப்ரிசியஸின் தமிழை, அதன் 'பராபரனை'. இன்று 'தேவன்' என்ற சொல்லைத் தொடக்கூடாது என்று சொல்கிறவர்கள், அன்று அந்த இடத்தில் 'பராபரன்' இருந்ததை அறிந்தால் திகைப்பார்கள். இன்று பழையது என்று நாம் போற்றும் பதிப்பு, 'பராபரனை' எடுத்துவிட்டு வந்த அன்றைய புதுசு.

'வந்தாள்' என்பதா, 'வந்தார்' என்பதா?

யோவான் 4-ஆம் அதிகாரம். கிணற்றடியில் இயேசு அமர்ந்திருக்கிறார். சமாரியப் பெண் தண்ணீர் எடுக்க வருகிறார். இந்த இடத்தில் ஓ.வி. 'வந்தாள்' என்கிறது, திருவிவிலியம் 'வந்தார்' என்கிறது. ஓ.வி.யில் இயேசு அவரை 'ஸ்திரீயே' என்று விளிக்கிறார். திருவிவிலியத்தில் 'அம்மா' என்று அழைக்கிறார். கானாவூர்க் கல்யாண வீட்டில் தன் தாயை அழைக்கும் இடத்திலும் இதே வேறுபாடு.

மூலமான கிரேக்கத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே வினைமுற்று மரியாதை காட்டாது. தமிழில் எழுதுகிறவர்தான் ஒவ்வொரு ஆளுக்கும் 'ன்' போடுவதா, 'ள்' போடுவதா, 'ர்' போடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுக்காமல் தப்பிக்கத் தமிழ் இலக்கணம் விடாது. ஆக, நடுநிலையான தமிழ் மொழிபெயர்ப்பு என்று ஒன்று இருக்கவே முடியாது.

ஓ.வி.க்கு ஒரு நியாயம் உண்டு. அதில் பேதுருவும் 'என்றான்', தாவீது ராஜாவும் 'என்றான்'. மரியாதை விகுதி கடவுளுக்கும் இயேசுவுக்கும் உரியது. மனிதர் எல்லோரும், அரசனும் மீனவனும், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கடவுள் முன் எல்லோரும் சமம் என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது என்று வாதிடலாம். அழகான வாதம்தான். ஆனால் இன்றைய தெருவில், 'வா, போ' என்று பேசப்பட்டே பழகிய ஒரு பெண்ணுக்கு அந்த 'வந்தாள்' சமத்துவமாகக் கேட்குமா? அலுவலகத்தில், வங்கியில், பேருந்தில் மரியாதைக்காகத் தினம் மல்லுக்கு நிற்கிறவருக்குப் பீடத்திலிருந்து அதே ஒருமை வந்து விழுகிறது.

உடற்குறை உள்ளோரைச் சுட்டும் சொற்களில் இது இன்னும் கூர்மையாகிறது. ஓ.வி.யில் 'குருடர்', 'சப்பாணி', 'குஷ்டரோகி'. 1871-இல் அவை சாதாரண வழக்கு, வசை இல்லை. இன்று வசை. ஊன்றுகோலோடு ஆலயத்துக்கு வரும் ஒருவர் நற்செய்தி வாசிப்பில் தன்னைப் பற்றி 'சப்பாணி' என்று கேட்கிறார். திருவிவிலியம் 'பார்வையற்றோர்', 'தொழுநோயாளர்' என்று நகர்ந்துவிட்டது. இந்த நகர்வைப் பார்த்து 'வேதத்தை மாற்றிவிட்டார்கள்' என்று சொல்கிறவர்கள், இடையில் தமிழே மாறியிருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வசனங்களைத் திருடியது யார்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தி பல சபைகளைக் கலக்கியிருக்கிறது: 'புதிய பைபிள்களில் வசனங்களை நீக்கிவிட்டார்கள், எச்சரிக்கை!' சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள் பொய் இல்லை. அப்போஸ்தலர் 8:37, மத்தேயு 17:21, 1 யோவான் 5:7-இன் ஒரு பகுதி ஆகியவை ஓ.வி.யில் வசனமாகவே நிற்கின்றன. புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அவை அடைப்புக்குறிக்குள் போயிருக்கும், அல்லது அடிக்குறிப்புக்கு இறங்கியிருக்கும்.

சூழ்ச்சி எதுவும் இல்லை, காலக்கணக்குதான். ஓ.வி. குழுவினர் கையில் இருந்தது, 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் தொடங்கிவைத்த அச்சுக் கிரேக்கப் பாட மரபு. எராஸ்மஸ் தன் பதிப்பை 1516-இல் வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்தவை காலத்தால் பிந்திய சில கையெழுத்துப் பிரதிகள். வசனங்களுக்கு இன்றைய எண்களை ராபர்ட் எஸ்தியென் 1551-இல் போட்டதும் அந்த மரபின் மேல்தான். அதன் பிறகுதான், சீனாய் மலையடிவார மடத்திலிருந்து 4-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றைத் திஷென்டோர்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் 1844-க்கும் 1859-க்கும் இடையில் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். பழைய ஏற்பாட்டுப் பக்கம் 1947-இல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைத்தன. பழைய பிரதிகளில் சில வசனங்கள் இல்லை என்று தெரிந்ததும், பின்னால் படி எடுத்தவர்கள் சேர்த்த வரிகள் அவை என்ற முடிவுக்குப் பெரும்பாலான அறிஞர்கள் வந்தார்கள். எண் போட்ட பிறகு வசனம் கீழே இறங்கினால், எண் மட்டும் தாண்டிப்போகும். 36-க்குப் பிறகு 38 வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இந்த வசனங்கள் எதன் மேலும் ஒரு கோட்பாடு தனியாக நிற்கவில்லை. திரித்துவமும் ஞானஸ்நானமும் உபவாசமும் வேறு இடங்களிலும் பேசப்படுகின்றன. ஆனாலும் அடிக்குறிப்பை விளக்காமல் விட்டால் சந்தேகம் வளரும். பிரசங்க மேடையிலிருந்து பத்து நிமிடத்தில் சொல்லித் தெளிவாக்கக்கூடிய விஷயம், சொல்லப்படாததால் ஆண்டுக்கணக்கில் பயமாகச் சுற்றிவருகிறது.

பெட்டிச் செய்தி 2: உலகெங்கும் இதே வழக்கு

● 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்: யோனாவுக்கு நிழல் தந்த செடியின் பெயரை ஜெரோம் தன் லத்தீன் மொழிபெயர்ப்பில் மாற்றிவிட்டார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் ஆயர் அதை வாசித்ததும் சபையில் கலவரமே மூண்டது என்று அகஸ்தீன் அவருக்குக் கடிதம் எழுதினார். (தமிழ் ஓ.வி.யில் அது ஆமணக்குச் செடி.)

● 1611: இன்று ஆங்கிலத்தின் 'புனிதப் பழமை'யாகப் போற்றப்படும் கிங் ஜேம்ஸ் பதிப்பு வந்த ஆண்டு. பியூரிட்டன்கள் பலர் அதை ஏற்காமல் பழைய ஜெனீவா பைபிளையே தொடர்ந்து வாசித்தார்கள். பல மொழிபெயர்ப்புகள் இருப்பது வாசகருக்கு நன்மையே என்று அந்தப் பதிப்பின் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் முன்னுரையிலேயே வாதிட்டிருக்கிறார்கள்.

● 1952: அமெரிக்காவின் வட கரோலினாவில், புதிதாக வந்த ஆர்.எஸ்.வி. பதிப்பின் ஏசாயா 7:14 இடம்பெற்ற பக்கத்தைப் போதகர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் எரித்தார். 'கன்னி' இருந்த இடத்தில் 'இளம்பெண்' வந்துவிட்டதே கோபத்தின் காரணம்.

ஒரு வீடு, இரண்டு பொருளடக்கம்

1965-இல் வத்திக்கான் சங்கம், பிற திருச்சபையினரோடு சேர்ந்து விவிலியத்தை மொழிபெயர்க்க அனுமதி தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரு தரப்புக்கும் பொதுவான நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. தமிழில் அதன் கனி திருவிவிலியம். இருவரும் சேர்ந்து செய்தார்கள். கடைசியில் ஒருவர்தான் முழுமையாக எடுத்துக்கொண்டார். ஒன்றுசேர்க்க வந்த புத்தகம், பார்த்தவுடன் 'இது ஆர்.சி. பைபிள்' என்று அடையாளம் சொல்லும் புத்தகமாகிவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் அண்மைக்கால வரலாற்றில் இதைவிடப் பெரிய தவறிய வாய்ப்பு வேறில்லை.

விளைவை நாள்தோறும் அனுபவிக்கிறவர்கள் கலப்புக் குடும்பத்தார். துக்க வீட்டு ஜெபத்தில் போதகர் "வெளிப்படுத்தின விசேஷம் 21" என்பார். மருமகன் வீட்டார் திருவெளிப்பாடு எங்கே இருக்கிறது என்று புரட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு ஞானஸ்நானம், மற்றவருக்குத் திருமுழுக்கு. ஒருவருக்குப் பரிசுத்த ஆவி, மற்றவருக்குத் தூய ஆவி. மக்கபேயர், தோபித்து, சீராக்கின் ஞானம் முதலிய நூல்கள் மாமியார் வீட்டில் வேதம். அம்மா வீட்டில் கேள்விப்படாத பெயர்கள். பிள்ளை எந்தத் தமிழில் முதல் ஜெபத்தைக் கற்கும் என்பது கல்யாணத்துக்கு முன் யாரும் பேசாத, கல்யாணத்துக்குப் பின் எல்லோரும் பேசுகிற விஷயம்.

கத்தோலிக்கர்களும் ஒன்றை இழந்திருக்கிறார்கள். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று பேதுருவையும் பவுலையும் யோவானையும் தமிழ் வீட்டுப் பெரியவர்களைப்போல் அழைத்த மரபு அது. பொது மொழிபெயர்ப்புக்காக அந்தப் பெயர்கள் விட்டுக்கொடுக்கப்பட்டன. ஊர்ப் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் அவை இன்னும் நடமாடுகின்றன. வேதப் புத்தகத்தில் இல்லை. பொதுவாக இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கொடுத்த விலைக்கு, மறுதரப்பிலிருந்து ஈடு வரவில்லை.

இலவசமாகக் கிடைப்பதே வெல்கிறது

கைப்பேசியில் 'தமிழ் பைபிள்' என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும் செயலிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஓ.வி. பக்தி மட்டும் இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். 1871-இன் உரைக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. யார் வேண்டுமானாலும் செயலி கட்டலாம், ஒலிப்பதிவு செய்யலாம், படத்தில் வசனம் எழுதிப் பகிரலாம். பிந்தைய மொழிபெயர்ப்புகளில் பலவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

ஆக, வேகமாகப் பரவ வேண்டிய புதுத்தமிழ் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. பழந்தமிழ் தடையில்லாமல் ஓடுகிறது. திறந்த உரிமத்தில் வந்த இந்தியத் திருத்தப் பதிப்பு இணையத்தில் சட்டென்று இடம்பிடித்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்காலத்தில் தமிழர் எந்த வேதாகமத்தை வாசிப்பார்கள் என்பதை இறையியல் கல்லூரிகளைவிட உரிம ஒப்பந்தங்கள் அதிகம் தீர்மானிக்கக்கூடும்.

ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளைகள்

ஓ.வி.யின் மௌனமான போட்டியாளர் திருவிவிலியம் இல்லை, ஆங்கில என்.ஐ.வி. சென்னையிலும் கோவையிலும் ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகள் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் ஆங்கிலத்தில் வசனம் பார்ப்பது சாதாரணக் காட்சி. டொரன்டோவிலும் லண்டனிலும் ஈழத்தமிழ்ச் சபைகளில் பாட்டு தமிழில், வாசிப்பு இரு மொழியில், பிள்ளைகளின் வேதபாடம் முழுக்க ஆங்கிலத்தில்.

பிள்ளைகள் தமிழ் வேண்டாம் என்று விலகினார்களா, தமிழ் அவர்களை வெளியே நிறுத்தியதா? எபேசியர் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் 3 முதல் 14 வரையான வசனங்கள் ஒரே நெடு வாக்கியம். அந்த நீளத்தை ஓ.வி. முடிந்தவரை காப்பாற்றுகிறது. அப்பா அதைச் சிறு வயதிலேயே கேட்டுப் பழகியவர். அவருக்கு ஓசை போதும். பதினைந்து வயது மகளுக்கு எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் அதே பகுதி உடைத்து உடைத்துத் தரப்பட்டிருக்கிறது. அவள் அங்கே போகிறாள். தமிழைக் காப்பதாக நினைத்துக்கொண்டு பழந்தமிழை மட்டும் கையில் கொடுத்தால், நடைமுறையில் அது ஆங்கிலத்துக்கு வழி திறந்துவிடுவதாகவே முடிகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் இதே சுவர். தமிழ்ச் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளில் பாதிரியார் பாத்திரம் பேசும் அந்தத் தனி வகைத் தமிழ் எங்கிருந்து வந்தது? 'கர்த்தர்', 'ஸ்தோத்திரம்', 'இரட்சிப்பு' என்று வேறு யாரும் பேசாத நடை ஒன்றுக்குள் ஒரு சமூகமே அடையாளப்பட்டுவிட்டது. கேலியில் நியாயம் இல்லை. ஆனால் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய நற்செய்தி, உள்ளே இருப்பவருக்கு மட்டும் புரியும் சங்கேத மொழியாகிவிட்டதா என்ற கேள்வியை அந்தக் கேலி நம் முன் வைக்கிறது.

பெட்டிச் செய்தி 3: வாங்கும் முன்

● முன்னுரையைப் படியுங்கள். எபிரேய, கிரேக்க மூலத்திலிருந்து வந்ததா, ஆங்கிலத்திலிருந்து வந்ததா, பழைய தமிழின் திருத்தமா என்று அதில் சொல்லியிருப்பார்கள்.

● லூக்கா 15-ஐ, காணாமற்போன மகன் கதையை, சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களை எண்ணுங்கள்.

● ரோமர் 8-ஐ வாசித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொந்தச் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பதிப்பு அவருக்கு இன்னும் ஆகவில்லை.

● அடிக்குறிப்பு உள்ளதா? பாட வேறுபாடுகளை மறைக்காமல் காட்டும் பதிப்பு வாசகரை மதிக்கும் பதிப்பு.

● எழுத்தின் அளவைப் பாருங்கள். முதியவருக்கு வாங்கும்போது ஜிப்பும் தங்கப் பூச்சும் உதவாது. பெரிய எழுத்து உதவும்.

என்ன செய்யலாம்?

'எது துல்லியமானது?' என்பதுதான் வழக்கமாக நடக்கும் வாதம். அதற்கு முடிவே வராது. சொல்லுக்குச் சொல் நெருக்கம் ஒருவகைத் துல்லியம், பொருளுக்குப் பொருள் நெருக்கம் இன்னொருவகைத் துல்லியம். இரண்டையும் ஒரே பதிப்பில் முழுமையாகத் தர எந்த மொழியாலும் ஆகாது. 'யார் கேட்கிறார்கள்?' என்று தொடங்கினால் வழி தெரிகிறது.

கேட்பவர் கட்டிலில் கிடக்கும் பாட்டி என்றால் ஓ.வி.யைத் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம். அங்கே புதுத்தமிழைக் கொண்டுபோவது முரட்டுத்தனம். பாட்டுக்கும் மனப்பாடத்துக்கும் அது நிலைத்து இருக்கட்டும். சபை நடுவில் வாசிக்கும்போது கணக்கு வேறு. அங்கே இருப்பவர்களில் அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், முதன்முறையாகக் கேட்பவர்கள் எத்தனை பேர்? மாதம் ஒரு ஞாயிறாவது இக்காலத் தமிழில் வாசித்துப் பார்க்க எந்த சபைச் சட்டமும் குறுக்கே நிற்கப்போவதில்லை. போதகர் பிரசங்கத்தில் ஒரு பகுதியை ஓ.வி.யில் வாசித்து, பிறகு திருவிவிலியத்திலோ எளிய பதிப்பிலோ வாசித்தால், பாதி விளக்கம் அங்கேயே முடிந்துவிடும். கத்தோலிக்க இளைஞர் குழுக்களும் ஓ.வி.யின் சங்கீதங்களை ஓசைக்காகப் படித்துப் பார்க்கலாம்; அதில் ஒன்றரை நூற்றாண்டின் இசை இருக்கிறது.

வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு இரண்டு புத்தகம்: ஒன்று காதுக்கு, ஒன்று புத்திக்கு. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பிக்கையோடு நடக்கலாம். வேறுபடும் இடத்தில் நின்று யோசிக்கலாம். அப்படி நின்று யோசிக்கும் இடங்களில்தான் வேதபாடமே தொடங்குகிறது. கல்யாணப் பெண்ணுக்கும் இதுவே பதில். இரண்டையும் வாங்கிக்கொடுங்கள், மாப்பிள்ளையும் இரண்டையும் வாசிக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்றைக்கு ஒரு திருத்தக் குழு அமைந்தால், எபிரேயமும் கிரேக்கமும் அறிந்தவர்களோடு சமாரியப் பெண்ணை 'ஸ்திரீயே' என்று வாசிக்கச் சங்கடப்படும் ஆசிரியை ஒருவர், 'சப்பாணி' என்று கேட்டுக் குறுகும் ஒருவர், எபேசியரில் எழுவாயைத் தேடித் தோற்ற பள்ளி மாணவி ஒருத்தி ஆகியோரும் மேசையில் உட்கார வேண்டும். குழு செய்து முடிப்பது திறந்த உரிமத்தில் வெளிவர வேண்டும். அதற்கும் எதிர்ப்பு வரும். சீகன்பால்கைத் திருத்திய பெப்ரிசியஸ், பெப்ரிசியஸைத் திருத்திய ரேனியஸ், எல்லோரையும் படித்துவிட்டு மறுபடி எழுதிய பவர் என்று தமிழ் வேதாகமம் நமக்கு வந்துசேர்ந்ததே அப்படித் துணிந்தவர்களின் கை வழியாகத்தான்.